இற்செறிப்பும் ஊரடங்கும்

2020 மார்ச் 24 அன்று இரண்டு அறிவிப்புகள் வந்தன. டோக்கியோவில் நடக்கவிருந்த ஒலிம்பிக் போட்டிகள் தள்ளிவைக்கப்படுகின்றன என்பது ஒன்று. அன்றிரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சியில் தோன்றிய பிரதமர், நள்ளிரவு முதல் நாடு முழுவதும் 21 நாள் முடக்கம் என்று அறிவித்தது மற்றொன்று. ஒரு வாரத்துக்குள் ஒலிம்பிக்குக்குப் புதிய தேதி குறித்துவிட்டார்கள்: 2021 ஜூலை 23. தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் இடையே உள்ள ஒரு கடற்கரைக் கிராமத்தில், பொட்டலில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கபடி ஆடிக்கொண்டிருந்த பெண்பிள்ளைகளின் ஆட்டத்துக்கு யாரும் புதிய தேதி குறிக்கவில்லை. அவர்களில் ஒருத்தி என் மாணவி. அப்போது இளங்கலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள்.

அவர்களுடைய குழுவுக்கு ஒரு பெயர் உண்டு. பனியனில் அச்சடித்திருந்தார்கள். அதைத் தவிர அந்தப் பெயர் வேறெங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர் மாலை ஐந்து மணிக்கு வந்து பயிற்சி கொடுப்பார். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் ஊர் ஊராக நடக்கும் போட்டிகளில் கிடைக்கும் பரிசுப் பணம்தான் வரவு. வேன் வாடகை, முட்டை, முழங்கால் உறை எல்லாம் அதிலிருந்துதான்.

தூத்துக்குடி மாவட்டத்துக்குக் கபடி புதிதல்ல. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, பின் அர்ஜுனா விருது பெற்ற மணத்தி கணேசன் இந்த மாவட்டத்துக்காரர்தான். ஆனால் ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடி 1990இல் சேர்ந்தது, பெண்கள் கபடி 2010இல்தான் சேர்ந்தது. ஒரே ஆட்டம், ஒரே மண், இருபது ஆண்டு இடைவெளி. பெருந்தொற்று வந்தபோது அந்த இடைவெளி அப்படியேதான் இருந்தது.

தொற்றுக் காலத்தில் அரசு விளையாட்டை எப்படி மூடியது, யாருக்குப் பணம் கொடுத்தது, எப்படித் திறந்தது என்பது இப்போது வரலாறாகிவிட்டது. ஆணைகளும் அறிக்கைகளும் இருக்கின்றன. அவற்றை நாள்வாரியாக அடுக்கிப் படித்தால் எல்லாம் ஒழுங்காக நடந்ததாகவே தோன்றும். அந்த அடுக்கில் என் மாணவியை எங்கே வைப்பது என்று பார்க்கும்போதுதான் சிக்கல் தெரிகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மைதானங்களை மூடியதே தவறு என்று நான் வாதாடவில்லை. கபடி மூச்சோடு மூச்சு உரசும் ஆட்டம். பாடிக்கொண்டே போய்த் தொட வேண்டும், மேலே விழுந்து பிடிக்க வேண்டும். தொற்றுக்கு அதைவிட வசதியான ஆட்டம் இல்லை. மூட வேண்டியிருந்தது. மூடும்போது உடன் செய்திருக்க வேண்டியவை செய்யப்படவில்லை என்பதுதான் என் வழக்கு.

மூடியதும் திறந்ததும் இப்படி. தமிழ்நாட்டில் பள்ளி கல்லூரிகள் மார்ச் நடுவிலேயே மூடப்பட்டன. விளையாட்டு விடுதிப் பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். இந்திய விளையாட்டு ஆணையத்தின் வளாகங்களைத் தனிமைப்படுத்தும் முகாம்களாகப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒன்றிய அமைச்சகம் மார்ச் மாதமே முடிவெடுத்தது. திருச்சியில் ஜி கார்னர் மைதானம் காய்கறிச் சந்தையானது. அடுத்த ஆண்டு, இரண்டாம் அலையில், சென்னை நேரு விளையாட்டரங்கில் மக்கள் ரெம்டெசிவிர் மருந்துக்கு வரிசையில் நின்றார்கள். ஒரு சமூகத்துக்கு ஆபத்து வரும்போது மைதானம்தான் முதலில் கைகொடுக்கிறது. அதில் ஆடியவர்கள் எங்கே போனார்கள் என்பது அப்போது யாருக்கும் முக்கியமாக இல்லை.

ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் 2020 மே 17 ஆணை, பார்வையாளர் இல்லாமல் விளையாட்டு வளாகங்களைத் திறக்கலாம் என்றது. உடற்பயிற்சிக் கூடங்களுக்கு ஆகஸ்ட் 5 முதல் அனுமதி வந்தது. தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 10. தமிழ்நாட்டில் பூங்காக்களும் விளையாட்டுத் திடல்களும் பயிற்சிக்காக செப்டம்பர் 1 முதல் திறக்கப்பட்டன. வீரர்களின் பயிற்சிக்கான நீச்சல் குளங்கள் அக்டோபர் 15. விளையாட்டு விழாக்களுக்கும் கூட்டம் கூடும் போட்டிகளுக்கும் அனுமதி கடைசியில்தான்.

இந்த ஆணைகளிலெல்லாம் இன்னொரு வரியும் இருந்தது. திருமணம் நடத்தலாம், ஐம்பது பேருக்கு மிகாமல்.

கபடியில் களத்தில் நிற்பவர்கள் பக்கத்துக்கு ஏழாக மொத்தம் பதினான்கு பேர். பதினான்கு பெண்பிள்ளைகள் பொட்டலில் ஆடக்கூடாது. ஐம்பது பேர் கூடி அவர்களில் ஒருத்திக்குத் தாலி கட்டலாம். ஆணை எழுதியவர் மனத்தில் இந்த எண்ணம் இருந்திருக்காது. தொற்றுத் தடுப்பின் கணக்கு மட்டுமே இருந்திருக்கும். ஆனால் ஒரு சமூகம் எதைத் தள்ளிப்போடலாம் என்று நினைக்கிறது, எதைத் தள்ளிப்போட முடியாது என்று நினைக்கிறது என்பதை அந்த இரண்டு வரிகளும் சொல்லிவிட்டன. சாப்பாட்டுப் பந்தி கிடையாது, ஊரை அழைக்க வேண்டியதில்லை, மண்டப வாடகை மிச்சம். பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஐம்பது பேர் கல்யாணம் கடன் குறைந்த கல்யாணம். வேலையும் வரவும் போன வீடுகளில் அந்தக் கணக்கை யார்தான் போடாமல் இருப்பார்கள்?

தமிழ் படித்தவள் என்பதால் அந்த மாதங்களில் எனக்கு ஒரு சொல் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. இற்செறிப்பு. சங்க அகப்பாடல்களில் நெய்தல் நிலத்துப் பெண்கள் ஓயாமல் விளையாடுகிறார்கள். ஓரை ஆடுகிறார்கள், வண்டல் இழைக்கிறார்கள், நண்டை விரட்டி அலவன் ஆட்டுகிறார்கள். அந்தக் கரை நமக்கு அந்நியமானதல்ல. முத்துக்குப் பேர்போன பாண்டியர் துறைமுகமான கொற்கை இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. பிறகு ஒருநாள் அந்தப் பெண்ணின் உடல் வளர்ந்துவிட்டதை வீடு கவனிக்கிறது. வெளியே போகாதே என்கிறது. அதற்குப் பெயர் இற்செறிப்பு. தோழி தலைவனிடம் போய் அவள் இற்செறிக்கப்பட்டாள் என்று சொல்வது, சீக்கிரம் மணந்துகொள் என்று சொல்வதற்காக. வரைவு கடாதல் என்று அதற்கொரு துறையே வகுத்திருக்கிறோம். விளையாட்டு, அடைப்பு, திருமணம் என்ற வரிசையை வகுப்பில் நான் பல ஆண்டுகள் அழகியலாகவே நடத்தியிருக்கிறேன். 2020இல்தான் அது ஒரு சமூக ஏற்பாடு என்று எனக்கு உறைத்தது.

ஊரடங்கு ஆண்களுக்குப் புதிது. பெண்களுக்குப் பழைய வழக்கத்தின் அரசாங்கப் பதிப்பு. மைதானம் மூடியபோது ஒரு பையனின் ஆட்டம் நின்றது. ஒரு பெண்ணின் ஆட்டம் நின்றபோது, அதற்காகவே காத்திருந்த இரண்டாயிரம் ஆண்டுத் தடம் ஒன்று அவள் காலடியில் தயாராக இருந்தது.

இனி பணத்துக்கு வருகிறேன். அரசு ஒன்றுமே கொடுக்கவில்லை என்று சொல்வது பொய். 2020 மே மாதம் கேலோ இந்தியா திட்டத்தில் இருந்த 2,749 பேருக்குத் தலைக்கு 30,000 ரூபாய் வீதம், மொத்தம் 8.25 கோடி ரூபாய் கைச்செலவுத் தொகையாக அறிவிக்கப்பட்டது. வீட்டில் இருக்கும்போது உணவுச் செலவுக்கும் அதைப் பயன்படுத்தலாம். நல்ல திட்டம். அந்தப் பிள்ளைகளுக்கு அது முட்டையும் பாலுமாகப் போயிருக்கும். 2021 மே மாதம், இரண்டாம் அலையின் உச்சத்தில், முன்னாள் சர்வதேச வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் தேசிய விளையாட்டு வீரர் நல நிதியிலிருந்து மருத்துவ உதவி செய்ய ஏற்பாடானது.

விளையாட்டு அமைப்புகளுக்கு என்ன கிடைத்தது? 2020 மே மாதம் அறிவிக்கப்பட்ட பெரிய நிவாரணத் தொகுப்பில் சிறு நிறுவனங்களுக்கான அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் முக்கியமானது. பிணை வேண்டாம், அரசே உத்தரவாதம். அதன் மூன்றாம் கட்டம் 2021 மார்ச் 31இல் வந்தபோது விடுதி, சுற்றுலா ஆகியவற்றோடு பொழுதுபோக்கு, விளையாட்டுத் துறைகளையும் சேர்த்தார்கள். ஆறு ஆண்டுத் தவணை, முதல் இரண்டு ஆண்டு அசல் கட்ட வேண்டாம். எவ்வளவு கிடைக்கும்? 2020 பிப்ரவரி 29 அன்று உங்களுக்கு இருந்த கடன் பாக்கியில் 40 விழுக்காடு வரை.

இதை மறுபடி படித்துப் பாருங்கள். கடன் பெற, ஏற்கெனவே கடன் இருக்க வேண்டும். வங்கிக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும். பொட்டலில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆடும் பெண்கள் குழுவுக்குக் கடன் கொடுத்த வங்கி எது? அவர்கள் வாங்கிய கடனெல்லாம் மளிகைக் கடையிலும் டீச்சரிடமும்தான்.

வரவுசெலவுத் திட்டம் இன்னொரு கதை சொல்கிறது. 2020-21க்கு ஒன்றிய அரசு விளையாட்டுக்கு முதலில் ஒதுக்கியது 2,826.92 கோடி. திருத்திய மதிப்பீட்டில் அது 1,800.15 கோடி ஆனது. போட்டி இல்லை, பயணம் இல்லை, முகாம் இல்லை, ஆகவே செலவும் இல்லை என்பது கணக்கர் பார்வை. சரிதான். ஆனால் ஆயிரம் கோடிக்கு மேல் மிச்சமான ஓர் ஆண்டில், மூடிய மைதானங்களுக்கு வெளியே பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். பட்டியலில் இருந்த 2,749 பேருக்குப் போனது 8.25 கோடி. மீதியில் ஒரு சிறு பங்கு பட்டியலுக்கு வெளியே போக வழி இருந்திருந்தால் என்ன என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

பட்டியல் என்பதை எங்கள் கரை நன்றாக அறியும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். 2020 வாக்கில் குடும்பத்துக்கான நிவாரணம் 5,000 ரூபாயாக இருந்தது. 2020இல் ஊரடங்கால் ஏற்கெனவே தொழில் நின்றிருந்ததால் தடைக்காலத்தை 47 நாளாகக் குறைத்து மே 31இல் முடித்தார்கள். என் மாணவியின் அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அந்த வீட்டுக்கு நிவாரணமும் வந்தது, ஏப்ரலில் அரிசி அட்டைக்கான 1,000 ரூபாயும் வந்தது. இரண்டுமே குடும்பத்துக்கு வந்தவை. கூடையைத் தலையில் வைத்து மீன் விற்கும் அம்மாவின் வருமானம் பேருந்து இல்லாத மாதங்களில் நின்றுபோனது எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. மகளின் ஆட்டம் எப்படி ஏறும்?

முத்துக்குளிப்பு நடந்த காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வதுண்டு. தூத்துக்குடிக் கடலில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை நடந்தது. அரசு நினைத்தபோதெல்லாம் குளிக்க முடியாது. முன்னதாக முத்துப்பார்களில் ஆளை இறக்கி, சிப்பி எடுத்து, எத்தனை இருக்கின்றன, வளர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். போதாது என்றால் பாரை மூடியே வைப்பார்கள். மீன்பிடித் தடைக்காலமும் அப்படித்தான், மீன் பெருகுவதற்காக. இந்தக் கரையில் மூடுவது என்பது வளரவிடுவது. மூடியதை அரசு திரும்பிப் போய் எண்ணிப் பார்க்கும் என்பதும் அதில் அடக்கம். மைதானத்தை மூடியபோது அந்த இரண்டாவது வேலையைச் செய்யவில்லை. சிப்பிக்கு இருந்த கணக்கு எங்கள் பிள்ளைகளுக்கு இல்லை.

இது தூத்துக்குடிக்கு மட்டுமான கதையல்ல. பணமுள்ள நாடுகளில் என்ன நடந்தது என்று பார்த்தால் பட்டியலின் தன்மை இன்னும் துலங்குகிறது. பிரிட்டன் அரசு 2020 நவம்பரில் பார்வையாளர் இல்லாமல் தவித்த விளையாட்டுகளுக்கு 30 கோடி பவுண்டு குளிர்கால உதவி அறிவித்தது. ரக்பி யூனியனுக்கு 13.5 கோடி. குதிரைப் பந்தயத்துக்கு 4 கோடி. அங்கே பெண்கள் மிகுதியாக ஆடும் நெட்பாலுக்கு 40 லட்சம். பெண்கள் கால்பந்தின் முதல் இரண்டு அடுக்குகளுக்குச் சேர்த்து 30 லட்சம். இழந்த வருமானத்தை ஈடுசெய்வதுதான் அந்த உதவியின் நோக்கம். எனவே அதிகம் சம்பாதித்தவர்களுக்கு அதிகம் கிடைத்தது. முன்பே குறைவாகச் சம்பாதிக்கும்படி வைக்கப்பட்டவர்களுக்குக் குறைவாகக் கிடைத்தது. இதில் யாரும் பெண்களுக்கு எதிராக ஒரு விதியும் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையே இல்லை.

2021 ஜனவரியில் அங்கே இன்னொன்று நடந்தது. உயர்மட்ட விளையாட்டு மட்டும் தொடரலாம் என்ற விதியின் கீழ், இங்கிலாந்தின் ஆண்கள் கோப்பைப் போட்டி தொடர்ந்தது. எட்டாம் அடுக்கில் ஆடும் மரைன் என்ற சிறு மன்றம் டாட்டன்ஹாம் அணியைத் தன் ஊருக்கே வரவழைத்து ஆடியது. அதே கோப்பையின் பெண்கள் பிரிவு அப்போதைய சுற்றில் உயர்மட்டம் அல்ல என்று நிறுத்தப்பட்டது. அதற்கு நூறு ஆண்டு முன்பு, 1920 டிசம்பர் 26இல், லிவர்பூல் நகரில் பெண்கள் கால்பந்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். ஓராண்டுக்குள், 1921 டிசம்பரில், கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களில் பெண்கள் ஆடுவதைத் தடை செய்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டு அந்தத் தடை நீடித்தது. அரை நூற்றாண்டு மைதானத்துக்கு வெளியே நிறுத்திவைத்துவிட்டு, நீங்கள் இன்னும் உயர்மட்டத்துக்கு வரவில்லையே என்று கேட்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

நம் நாட்டிலும் அப்படித்தான். 2020 மார்ச் 8இல் மெல்பர்னில் 86,174 பேர் முன்னிலையில் உலகக் கோப்பை இறுதியாட்டம் ஆடிய இந்தியப் பெண்கள் கிரிக்கெட் அணி, அடுத்த சர்வதேச ஆட்டத்துக்கு 2021 மார்ச் 7 வரை காத்திருந்தது. இடையில் ஆண்களின் ஐபிஎல் ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் பறந்து போய் முழுத் தொடராக நடந்தது. பெண்களுக்கு மூன்று அணி, நான்கு ஆட்டம். கபடியில் ஆண்களின் புரோ லீக் ஓராண்டு நின்று, 2021 டிசம்பரில் பெங்களூரில் பாதுகாப்பு வளையத்துக்குள் மீண்டும் தொடங்கியது. பெண்கள் கபடிக்கு அப்படி ஒரு லீக் 2016இல் மூன்று அணிகளோடு ஒரே ஒரு முறை நடந்து, பிறகு நடக்கவில்லை. நிறுத்துவதற்கே ஒன்று இல்லாதவர்கள் நிவாரணம் கேட்க முடியுமா?

2020 ஜூலையில் அந்த உடற்கல்வி டீச்சர் எனக்குத் தொலைபேசியில் பேசினார். "மேடம், நீங்க தமிழ் படிச்சவங்க. பிள்ளைகளுக்கு ஏதாவது உதவி கேட்டு ஒரு மனு எழுதித் தாங்களேன்." எழுதினேன். இரண்டு பக்கம். பிள்ளைகள் வாங்கிய கோப்பைகள், அவர்களுடைய வீட்டு நிலை, முட்டைக்கும் பாலுக்குமான மாதச் செலவு எல்லாம் இருந்தது. கொண்டுபோன இடத்தில் அதைப் படிக்கவில்லை. ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் மூன்றாவது கட்டம், அமைப்பின் பதிவு எண். அந்தக் கட்டத்தில் எழுத எங்களிடம் ஒன்றும் இல்லை. எத்தனையோ கவிதைகளுக்குச் சொல் தேடிக் கண்டுபிடித்தவள் நான். அந்த ஒரு கட்டத்தை என்னால் நிரப்ப முடியவில்லை.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் போதும். கபடிக் களத்தில் ஓர் அணிக்கும் ஏழு பேர்தான். அந்தப் பிள்ளைகள் எப்போதும் ஏழு பேராகத்தான் நின்றார்கள். ஆனால் விதிமுறை எழுத வேண்டும், முகவரிச் சான்று வேண்டும், ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். பொட்டலுக்கு முகவரி ஏது? ஊரில் பையன்களின் மன்றத்துக்குப் பதிவு இருந்தது. அதை நடத்தும் அண்ணன்மார் வட்டத்துக்கும் ஒன்றியத்துக்கும் போய்வருகிறவர்கள். பெண்பிள்ளைகள் குழுவுக்கு அப்படிப் போய்வர ஆளில்லை. பதிவு என்பது காகிதம்தான். அந்தக் காகிதத்தை வாங்கிவரப் பொதுவெளியில் நடமாடப் பழகிய கால்கள் வேண்டும்.

நடமாட்டம் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அனுமதிக்கப்பட்ட நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகக் கூறி, 2020 ஜூன் 19 அன்று இதே மாவட்டத்துச் சாத்தான்குளத்தில் ஜெயராஜையும் பென்னிக்ஸையும் காவல்துறை பிடித்துச் சென்றது. கோவில்பட்டிக் கிளைச்சிறையில் அடைக்கப்பட்ட தந்தையும் மகனும் ஜூன் 22, 23 தேதிகளில் இறந்தார்கள். வழக்கை எடுத்துக்கொண்ட மத்தியப் புலனாய்வு அமைப்பு, காவலர்கள் மீது கொலைக் குற்றம் சாட்டியது. அதன் பிறகு இங்கே ஊரடங்கு என்ற சொல்லின் பொருளே மாறிவிட்டது. விடிகாலை ஐந்து மணிக்குத் தனியாக ஓடிப் பயிற்சி செய்துகொண்டிருந்த என் மாணவியை அவள் அம்மா நிறுத்தினார். "ஆம்பளைகளுக்கே இந்தக் கதின்னா, பொட்டப்பிள்ள நீ எங்க ஓடப் போற?" அந்தத் தாயின் பயத்தைப் பழமைவாதம் என்று நான் சொல்ல மாட்டேன். அரசு கொடுத்த பயம் அது. வீடு அதைப் பெண்மீது போர்த்தியது.

ஜூலைக் கடைசியில் அவள் இணைய வகுப்புக்கு வருவதை நிறுத்தினாள். கூப்பிட்டேன்.

"ஏன்மா வரல?"

"போன தம்பிக்கும் வேணும் மிஸ். வீட்ல ஒண்ணுதான் இருக்கு."

"பயிற்சி?"

"அதெல்லாம் எதுக்கு மிஸ் இனிமே" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆவணியில வச்சிருக்காங்க" என்றாள்.

கல்யாணம் என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. எனக்குப் புரியாமலும் இல்லை. அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் வந்தது. ஐம்பது பேர் கணக்கு ஏற்கெனவே நிரம்பிவிட்டதால் வர வேண்டாம் என்று மன்னிப்பும் கேட்டிருந்தாள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் திருமணம். அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து, செப்டம்பர் 1 அன்று, திடல்கள் பயிற்சிக்குத் திறக்கப்பட்டன.

அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. எனவே இது குழந்தைத் திருமணம் அல்ல. எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது. கல்லூரிப் பதிவேட்டில் அவள் இடைநின்றவள்கூட இல்லை. தேர்வு எழுதிப் பட்டம் வாங்கிவிட்டாள். விளையாட்டுத் துறையின் கணக்கில் அவள் தொடக்கத்திலிருந்தே இல்லை, ஆகவே இழப்பும் இல்லை. அன்று அந்தக் கரையில் ஒரு கபடி ஆட்டக்காரி இல்லாமல் போனாள் என்பதற்கு, அவளோடு ஆடிய ஆறு பேரையும் டீச்சரையும் என்னையும் தவிர சாட்சி இல்லை.

டோக்கியோவுக்குப் போன தமிழ்நாட்டுப் பெண்களை இங்கே நினைத்துக்கொள்கிறேன். வாள்வீச்சில் முதல் இந்தியராகத் தகுதி பெற்ற பவானிதேவி. பாய்மரப் படகில் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா குமணன். கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடிய மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி, திருச்சி சுபா வெங்கடேசன். 2021 ஜூன் மாதம் முதலமைச்சர் ஒலிம்பிக் செல்வோருக்குத் தலா ஐந்து லட்சம் ரூபாய் வழங்கினார். தங்கம் வென்றால் மூன்று கோடி என்றார். அந்தப் பணத்தில் ஒரு ரூபாயையும் நான் குறை சொல்ல மாட்டேன். கூலி வேலை செய்து பேத்தியை வளர்த்த பாட்டியின் உழைப்பில் வந்தவர் ரேவதி. ரயில்வேயில் வேலையும், தேசிய முகாமில் இடமும் அவருக்கு இருந்தன. உதவி எட்டும் இடத்தில் அவர் இருந்தார். அந்த இடத்துக்கு வரும் வரை அவரைத் தாங்கியது பாட்டிதான், பட்டியல் அல்ல. பாட்டி தாங்க முடியாமல் போன வீடுகளில் என்ன நடந்தது என்பதை அறியும் கருவி நம்மிடம் இல்லை.

அடுத்த தொற்றோ புயலோ வெள்ளமோ வரத்தான் போகிறது. இந்த மாவட்டம் 2023 டிசம்பரில் அப்படி ஒரு வெள்ளத்தையும் பார்த்துவிட்டது. அதனால் நான் கேட்பது பெரிய தொகை அல்ல. ஏழு பெண்கள் சேர்ந்து ஓர் ஆட்டத்தை ஆடினால், அந்தக் குழுவைப் பதிவு எண் இல்லாமலே ஊராட்சி எழுதிவைத்துக்கொள்ளட்டும். நிவாரணம் கொடுக்கும்போது நேற்று எவ்வளவு சம்பாதித்தாய் என்று கேட்காமல், நாளை ஆட என்ன வேண்டும் என்று கேட்கட்டும். மைதானம் திறக்கும் நாளில் ஒருவர் கையில் பெயர்ப் பட்டியலோடு வாசலில் நிற்கட்டும். வராத பெண் யார், ஏன் வரவில்லை என்று அவள் வீடுவரை போய்க் கேட்கட்டும். பாரில் ஆளை இறக்கிச் சிப்பியை எண்ணிய அரசுக்கு இது முடியாத வேலை அல்ல.

2022இல் ஒருநாள் பழைய பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. படிப்பு, வீடு எல்லாம் பேசினோம். பேருந்து வரும் நேரத்தில், "அந்த மனு என்ன ஆச்சு மிஸ்?" என்று கேட்டாள். பதிவு எண் இல்லாததால் நின்றுவிட்டது என்றேன். "எண் வாங்க எத்தன பேரு வேணும்?" என்றாள். ஏழு பேர் என்றேன். சிரித்தாள்.

சில மாதம் கழித்து டீச்சர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விதிமுறைகளை எழுதினோம். மனு எழுதத் தெரியாதவள் நான்; அந்த முறை படிவத்தைத்தான் முதலில் படித்தேன். முகவரிக்கு டீச்சரின் வீட்டு வரி ரசீது. ஏழு பெண்கள் கையெழுத்திட்டார்கள். மூன்று பேர் இப்போது ஆடுகிறவர்கள், நான்கு பேர் ஆடியவர்கள். அவளுடைய கையெழுத்து இரண்டாவதாக இருக்கிறது.